‘ஒரு குறையும் இல்லை’ என்று சொன்ன வீடு: லண்டன் கவுன்சில் தொண்டர் சேவையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2020 வசந்தத்தில் லண்டனின் வெளிவட்டத்திலுள்ள ஒரு பரோவில் (உள்ளாட்சிப் பிரிவில்), முதிய தமிழ்த் தம்பதி ஒருவருக்குக் கவுன்சிலின் தொண்டர் சேவை எப்படிப் போய்ச் சேர்ந்தது, அதற்கு முன் எப்படிச் சேராமல் போனது என்பதன் பதிவு இது. நான் அந்தச் சேவையில் தமிழ் பேசும் தொண்டராக இருந்தேன். வீட்டாரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

மார்ச் 23 இரவு பிரதமர் லாக்டவுனை அறிவித்தார். அதையொட்டியே, கொரோனா வந்தால் மிகவும் ஆபத்து என்று கருதப்பட்ட சுமார் 15 இலட்சம் பேருக்கு இங்கிலாந்தில் அரசின் மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கடிதங்கள் போகத் தொடங்கின. உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், சில வகைப் புற்றுநோய்க்காரர்கள், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்கள் எல்லாம் இதில் அடக்கம். 12 வாரத்துக்கு வீட்டை விட்டு வெளியே வரவே வேண்டாம் என்றது கடிதம். இதைத்தான் ‘ஷீல்டிங்’ என்றார்கள். பட்டியல் பிறகு 22 இலட்சம் வரை வளர்ந்தது.

வெளியே வராதே என்று சொன்னால் சாப்பாடும் மருந்தும் உள்ளே போக வேண்டும் அல்லவா? அதற்கு மூன்று வழிகள் இருந்தன. அரசாங்கத்தின் இலவச உணவுப்பெட்டி வாரம் ஒருமுறை வந்தது. அது வேண்டுமென்றால் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிய வேண்டும். அப்புறம் என்.எச்.எஸ். தொண்டர் திட்டம்: இரண்டரை இலட்சம் பேர் வேண்டும் என்று கேட்டார்கள், ஏழரை இலட்சம் பேர் முன்வந்தார்கள். மூன்றாவது, அந்தந்தக் கவுன்சில். மத்திய தொலைபேசி நிலையத்தால் தொடர்புகொள்ள முடியாதவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை கவுன்சிலின் தலையில்தான் விழுந்தது.

எங்கள் கவுன்சில், மூடிக்கிடந்த நூலகங்களிலும் உடற்பயிற்சி நிலையங்களிலும் வேலை செய்தவர்களை இதற்குத் திருப்பிவிட்டது. அவர்களோடு தொண்டர்களும் சேர்ந்தார்கள். தொண்டர்களில் நிறையப் பேர், வேலையிடம் மூடியதால் அரசின் 80 சதவீதச் சம்பளத்தில் வீட்டிலிருந்தவர்கள். ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் அசல் வாழ்க்கையில் ஒரு நூலகர். இந்தக் கதையில் அது முக்கியம்.

வீடு

கணவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பல வருடங்களுக்கு முன் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர். மனைவி அவரைவிடச் சில வயது இளையவர், நீரிழிவுக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல். ஐயா ஆங்கிலக் கடிதத்தைத் தட்டுத்தடுமாறி வாசிப்பார். தொலைபேசியில் ஆங்கிலம் என்றால் இருவருக்கும் கை நடுக்கம்தான். மகன் வேறு நகரத்தில் இருந்தார்.

கடிதம் வந்ததும் மகன் இணையத்தில் பதிந்தார். அத்தியாவசியப் பொருட்கள் கிடைக்க வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று அடித்தார். அது பொய்யில்லை. அம்மாவின் பெறாமகள் (சகோதரியின் மகள்) ஒருத்தி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாள், வாரம் இரண்டு முறை சாமான் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். ஆகவே உணவுப்பெட்டிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறவில்லை.

ஏப்ரல் நடுவில் பெறாமகளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. அன்றைய விதிப்படி அறிகுறி வந்தவருக்கு 7 நாள், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு 14 நாள் தனிமை. அது முடிந்த பிறகும், தன்னால் சித்தப்பாவுக்கு ஏதும் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் அவள் வரவில்லை. அரசாங்கத்தின் பதிவேட்டில் மட்டும் ‘வழி இருக்கிறது’ என்ற பதில் அப்படியே இருந்தது.

முதல் அழைப்பு

ஏப்ரல் இரண்டாம் வாரம், பெறாமகள் இன்னும் வந்துகொண்டிருந்தபோது, கவுன்சிலிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் அழைத்தார். சாப்பாடு இருக்கிறதா, மருந்து இருக்கிறதா, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று மூன்று கேள்வி. ஐயா எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி, எல்லாம் சரி என்றார். அழைத்தவர் ‘நலம், மறு அழைப்பு தேவையில்லை’ என்று எழுதி, பட்டியலில் அவர்களின் வரிசையைப் பச்சை நிறமாக்கினார். பக்கத்துக் கட்டத்தில் ‘ஆங்கிலம் குறைவு’ என்றும் ஒரு குறிப்பு.

அழைத்தவர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ அழைப்பு, கையில் இருந்த கேள்விகள் அவ்வளவுதான், கிடைத்த பதிலை எழுதினார். ஆனால் நம் ஆட்களைத் தெரிந்த எவருக்கும் அந்தப் பதிலின் பெறுமதி தெரியும். முன்பின் தெரியாத ஒருவர், அதுவும் அரசாங்கத்திலிருந்து, ‘ஏதாவது வேண்டுமா’ என்று கேட்டால் எங்கள் தாய் தகப்பன் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள். பசித்திருந்தாலும் சொல்வார்கள்.

என்ன கவனிக்கப்பட்டது

ஏப்ரல் கடைசியில் நூலகர் பட்டியலை இன்னொரு விதமாக வரிசைப்படுத்திப் பார்த்தார். மொழிச் சிக்கல் என்று குறிக்கப்பட்ட அழைப்புகள் பெரும்பாலும் மிகக் குறுகியவை. அவற்றின் முடிவும் ஏறக்குறைய எல்லாமே ‘நலம்’. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்களிடம் நீண்ட அழைப்புகளும் நீண்ட தேவைப்பட்டியல்களும் இருந்தன. மொழி தெரியாதவர்கள்தான் எல்லாரையும்விடச் சௌகரியமாக இருக்கிறார்களா என்று அவர் கேட்டார். அந்தப் பச்சை வரிசைகளை மொழிவாரியாகப் பிரித்து, அந்தந்த மொழிக்காரரிடம் மறுபடி அழைக்கக் கொடுத்தார். தமிழ் வரிசைகள் என்னிடம் வந்தன. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு இலட்சம் பேர் அளவில் தமிழைத் தங்கள் முதன்மை மொழி என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் பரோவில் தமிழர் அதிகம் என்பது கவுன்சிலுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் எங்களுக்கு வந்த ஷீல்டிங் பட்டியலில் மொழிக்கென்று ஒரு கட்டம் இல்லை.

ஏப்ரல் 30, வியாழக்கிழமை அந்த வீட்டுக்கு அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. மாலை மறுபடி அழைப்பதற்கு முன், மகனைக் கைத்தொலைபேசியில் பிடித்து, இந்த நம்பரிலிருந்து ஒரு தமிழ்த் தம்பி அழைப்பார் என்று அவர்களிடம் சொல்லவைத்தேன். பிறகுதான் எடுத்தார்கள். முதலில் வந்தது அதே பதில்: “எங்களுக்கு ஒரு குறையும் இல்லை தம்பி. ஏன் உங்களுக்குச் சிரமம்?”

உதவி வேண்டுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டு வேறு பக்கமாகப் போனேன்.

“இண்டைக்கு என்ன அம்மா சமைச்சனீங்கள்?”

“சோறும் பருப்பும்.”

“நேற்று?”

“அதுதான் தம்பி.” கொஞ்சம் பொறுத்து, “மரக்கறி முடிஞ்சு ஒரு கிழமையாகுது. முட்டை இருக்கு.”

சரி, அப்படியானால் முட்டை எப்படி வந்தது? அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். காலை ஆறரைக்கு, ஐயா எழும்புவதற்கு முன், சால்வையால் மூக்கை மூடிக்கொண்டு மூலைக்கடைக்குப் போய்வருகிறார். வந்ததும் உடுப்பு மாற்றிக் குளித்துவிடுவார். ஐயாவுக்குச் சொல்ல வேண்டாம்.

பிறகு மருந்துக்கு வந்தேன். மருந்து இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கு’ என்பார்கள். ஆகவே குளிசைப் பெட்டிகளை எடுத்துவந்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மிச்சம் என்று எண்ணச் சொன்னேன். இரத்த அழுத்தக் குளிசை நிறைய இருந்தது. நீரிழிவுக் குளிசை பக்கத்துப் பார்மசிக்காரர் கொண்டுவந்து தந்தார். சிறுநீரகத்துக்கான டாக்ரோலிமஸ் 8 நாளைக்கு மட்டும் இருந்தது.

டாக்ரோலிமஸ் என்பது மாற்றிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மருந்து. அவர் அதைக் காலையும் இரவும், 12 மணி நேர இடைவெளியில், நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். நின்றுபோனால் சிறுநீரகமே போய்விடக்கூடும். கணக்குப்படி மே 7 வியாழன் இரவோடு முடிகிறது. மறுநாள் வெள்ளி, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த 75ஆவது ஆண்டுக்காக மாற்றிவைத்த அரச விடுமுறை. அதன் பின் வாரஇறுதி.

ஏன் முடிந்துபோகும் நிலை வந்தது என்று விசாரித்ததில் இன்னொன்று வெளிப்பட்டது. இந்த மருந்தை எழுதுவது ஜி.பி. (குடும்ப மருத்துவர்) இல்லை, ஆஸ்பத்திரி. அதன் சார்பில் ஒரு விநியோக நிறுவனம் வீட்டுக்கு அனுப்புகிறது. அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, எவ்வளவு மிச்சம், எந்த நாள் வரலாம் என்று உறுதிசெய்யும். அந்த அழைப்பும், நேரில் பார்ப்பதற்குப் பதிலாக வைத்திருந்த ஆஸ்பத்திரித் தொலைபேசிச் சந்திப்பும், நம்பர் காட்டாத அழைப்புகளாக வந்திருக்கின்றன. ‘நம்பர் இல்லாத கோல் வந்தால் எடுக்காதேங்கோ, காசு அடிக்கிற ஆட்கள்’ என்று மகன் சொல்லிவைத்திருந்தார். நல்ல புத்திமதி. நாட்டில் அந்த நேரம் கொரோனாவின் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவர்கள் பெருகியிருந்தார்கள். எங்கள் கவுன்சிலின் அழைப்புகளும் நம்பர் காட்டாமல்தான் போய்க்கொண்டிருந்தன. முதல் அழைப்பை ஐயா எடுத்ததே தற்செயல்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருந்து முதலில். எங்கள் சேவையில் ‘மருந்து’ என்றால் ஒரே அர்த்தம்: தொண்டர் பக்கத்துப் பார்மசிக்குப் போய் வாங்கிவருவது. அப்படி ஒரு பணிச்சீட்டைத்தான் முதலில் போடப் பார்த்தார்கள். அதை நிறுத்தினோம். பார்மசியில் அந்த மருந்துக்கான சீட்டே இருக்காது. எப்படியோ எழுதிவாங்கினாலும் வேறு பிராண்ட் வந்துவிட்டால் ஆபத்து. டாக்ரோலிமஸில் ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு நிபுணரின் மேற்பார்வை இல்லாமல் மாறக்கூடாது என்பது பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவுரை. அளவைக் குறைத்து இன்னும் சில நாள் இழுக்கலாமா என்று ஐயா கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எங்கள் யாருக்கும் இல்லை, அதனால் தொடாதேங்கோ என்று மட்டும் சொன்னோம்.

மறுநாள், மே 1 வெள்ளிக்கிழமை காலை ஐயாவையும் ஆஸ்பத்திரியின் உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவுத் தாதியையும் ஒரே அழைப்பில் இணைத்தேன். ஐயா வாயாலேயே சம்மதம் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். விநியோக நிறுவனத்தின் அடுத்த வண்டி எப்போது என்று நிச்சயமில்லாததால், ஆஸ்பத்திரி மருந்தகமே கொஞ்ச நாளைக்கானதைத் தர ஒப்புக்கொண்டது. செவ்வாய், மே 5 அன்று கவுன்சில் அடையாள அட்டையோடு ஒரு தொண்டர் போய் எடுத்துவந்தார். வாசலில் வைத்து, மணி அடித்து, பின்வாங்கி நின்றார். ஐயா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பெட்டியிலிருந்த தன் பெயரையும் பிராண்டையும் அளவையும் தொலைபேசியில் எனக்கு எழுத்தெழுத்தாக வாசித்தார். பழைய பெட்டியோடு ஒத்துப்போனது.

சாப்பாடு இதைவிட இழுபட்டது. மகனைக் கொண்டு பதிவை மாற்றி, உதவி தேவை என்று சொல்லவைத்தோம். உணவுப்பெட்டி வந்தது: டின் பீன்ஸ், டின் சூப், பாஸ்தா, வெள்ளைப் பாண், பிஸ்கட், உருளைக்கிழங்கு, கொஞ்சம் பழம், தேயிலை. உப்பைக் குறை என்று சொல்லப்பட்டவருக்கும் இனிப்பைக் குறை என்று சொல்லப்பட்டவருக்கும் இதில் பாதி ஆகாது. அம்மா ஒன்றையும் எறியவில்லை. டின்களைத் துடைத்து, படுக்கையறை ஜன்னலோரம் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். தந்த சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்வது அவருக்குப் பழிபோல.

பெட்டியை நிறுத்திவிடலாமா என்று எங்கள் சேவைக்குள் ஒரு விவாதம் நடந்தது. வீணாகிறது, நிறுத்து என்றது ஒரு பக்கம். உதவி தேவை என்று பதிந்தவர்களின் விவரம் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளுக்கும் போய், இணையத்தில் வாங்க முன்னுரிமை நேரம் கிடைத்துக்கொண்டிருந்தது. பெட்டியை நிறுத்தப்போய் அதுவும் அறுந்துவிடக்கூடாது. ஆகவே முன்னுரிமை நேரம் உறுதியாகும் வரை பெட்டி வரட்டும், திறக்காத டின்களைத் தொண்டர் எடுத்துப்போய் உணவு வங்கியில் கொடுக்கட்டும் என்று முடிவானது. ‘இல்லாத வேறு ஆட்களுக்குப் போகுது’ என்றதும் அம்மா சந்தோஷமாக எடுத்துத் தந்தார்.

அரிசி, பருப்பு, கறித்தூள், முருங்கைக்காய் எல்லாம் தமிழ்க் கடையிலிருந்து. இங்கே பணம் ஒரு சிக்கல். தொண்டர் யாருடைய வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. வீட்டில் இருந்தது காசுத்தாள்தான். மகன் கடைக்காரருக்குத் தொலைபேசியில் அட்டை நம்பர் கொடுத்துக் கட்டுவது, தொண்டர் சாமானையும் பில்லையும் மட்டும் தூக்கிவருவது என்று ஒழுங்குசெய்தோம். அப்படியும் முதல் வாரம் திருப்பித் தந்த துணிப்பைக்குள் ஒரு 20 பவுண் தாள், காகித உறையில் ‘தம்பிக்கு’ என்று எழுதி. ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிப் பதிந்து, அதே உறையைத் திருப்பி வாசலில் வைத்தோம். அடுத்த வாரம் உறைக்குப் பதிலாக ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் வந்தது. அதையும் திருப்ப எவருக்கும் துணிவில்லை.

என்.எச்.எஸ். தொண்டர் செயலிக்கு ஏன் இந்த வீட்டைக் கொடுக்கவில்லை என்று பிறகு ஒருவர் கேட்டார். அது வேகமானது, ஆட்பலம் பெரியது. ஆனால் அந்த நேரத்தில் அருகில் யார் இருக்கிறாரோ அவருக்கு வேலை போகும். ஒவ்வொரு முறையும் புது ஆள், புது நம்பர். தொலைபேசியை எடுக்கவே பயப்படும் வீட்டுக்கு அது சரிவராது. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு, ஒரே ஆள், ஒரே நம்பர் என்று வைத்தோம்.

அம்மாவின் ஆறரை மணி நடை பற்றி ஐயாவிடம் நாங்கள் சொல்லவில்லை. இதில் இரண்டு கருத்து இருக்கலாம். ஆபத்து அவருக்கு, ஆகவே தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருக்கு என்று ஒரு தொண்டர் வாதிட்டார், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஷீல்டிங் ஐயாவுக்குத்தான். கூட இருப்பவர் கவனமாக இருக்க வேண்டுமே தவிர, வெளியே போவதற்கே அவருக்குத் தடை இல்லை. அம்மா நம்பிச் சொன்னதை ஐயாவிடம் கொண்டுபோய் வைத்தால் அடுத்த அழைப்பில் எங்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டார். கடைக்குப் போக வேண்டிய தேவையை இல்லாமல் செய்துவிட்டு, காற்று வாங்கத்தான் வேண்டுமென்றால் ஆட்கள் இல்லாத பக்கமாக நடவுங்கோ என்றோம். மூலைக்கடை நின்றது. நடை நிற்கவில்லை.

பிறகு நடந்தவை

மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. விநியோக நிறுவனத்தின் பதிவில் தொடர்பு எண்ணாக மகனின் நம்பரைப் போடவைத்ததும், மாதாந்த அனுப்புதல் பழையபடி ஓடியது. தள்ளிப்போயிருந்த இரத்தப் பரிசோதனை ஜூனில் நடந்தது. மருந்தின் அளவு பார்க்க அது கட்டாயம். ஆஸ்பத்திரிக்குப் போக ஐயா பயந்து ஒரு தேதியை விட்டுவிட்டார். காலையில் முதல் ஆளாக, கூட்டமில்லாத நேரம் கேட்டு வாங்கிய பிறகு போனார்.

ஜூன் 1 முதல் ஷீல்டிங்கில் இருப்பவர்கள் வீட்டாரோடு வெளியே போகலாம் என்று தளர்த்தினார்கள். ஐயா போகவில்லை. ஜூன் 2 அன்று, அப்போதைய பொதுச் சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்தின் அறிக்கை வந்தது: வயது, வசிக்கும் இடம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் கொரோனாவால் வங்காளதேச வம்சாவளியினரின் மரண ஆபத்து வெள்ளைப் பிரிட்டிஷாரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, இந்தியர், பாகிஸ்தானியர், ‘பிற ஆசியர்’ போன்றோருக்கு 10 முதல் 50 சதவீதம் அதிகம். நூலகர் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த மொழிக் கட்டம், அந்த அறிக்கைக்குப் பிறகு எங்கள் படிவத்தில் சேர்ந்தது.

ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தில் ஷீல்டிங் இடைநிறுத்தப்பட்டது, உணவுப்பெட்டியும் நின்றது. அதற்குள் சூப்பர்மார்க்கெட் நேரம் உறுதியாகியிருந்தது, பெறாமகளும் திரும்ப வரத் தொடங்கியிருந்தாள். சாமான் தூக்கிய தொண்டருக்கு வேலை தொடங்கிவிட்டதால் அவர் இடத்துக்குப் புதியவர் வந்தார். அவர் அழைத்தபோது வழக்கம்போல யாரும் எடுக்கவில்லை. பழையவர், புதியவர், அம்மா மூவரும் ஒரே அழைப்பில் பேசிய பிறகுதான் கைமாறியது. இருவருக்கும் அந்தக் கோடையில் கொரோனா வரவில்லை. அதற்கு எங்கள் சேவைதான் காரணம் என்று சொல்ல வழியில்லை.

மாற்றியதும் மாறாததும்

‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்ற கேள்வி எங்கள் படிவத்தில் கடைசிக்குப் போனது. அதற்கு முன் மூன்று கேள்விகள் வந்தன: நேற்று என்ன சமைத்தீர்கள்; குளிசைகள் எத்தனை நாளைக்கு இருக்கின்றன, ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது; வீட்டிலிருந்து கடைசியாக வெளியே போனவர் யார். இதில் இரண்டாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ‘எங்கிருந்து வருகிறது’ என்ற பாதி இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி மருந்து யார் கண்ணிலும் படாது. ‘வழி இருக்கிறது’ என்று பதிந்தவர்களிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்பது என்றும் ஆனது, ஏனென்றால் அந்த வழி பெரும்பாலும் ஒரு தனி ஆள்.

கவுன்சில் அழைப்புகளில் நம்பர் தெரியும்படி செய்ய மூன்று வாரம் பிடித்தது. தொழில்நுட்பப் பிரிவுக்கும் தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கும் இடையில் அந்தக் கோரிக்கை பந்தாடப்பட்டது. இன்னொரு முறை இப்படி ஒரு நிலைமை வந்தால் முதல் நாளே செய்யவேண்டியது இதுதான் என்பேன். செலவும் கிடையாது.

குடும்பத்தினரையே மொழிபெயர்ப்பாளராக வைப்பதைக் குறைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். மகனிடம் அம்மா கடைக்குப் போனதைச் சொல்லியிருக்கமாட்டார். அதற்குப் பயிற்சி பெற்ற, மொழி தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்தப் பொறுப்பை மொழி தெரிந்த தொண்டர்களை வைத்தே சமாளிக்கலாம் என்று கவுன்சில் நினைத்தது. நவம்பர் 5 அன்று இரண்டாவது லாக்டவுன் தொடங்கியபோது நூலக ஊழியர்களில் பலர் தங்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள், கோடையில் இருந்த தொண்டர்களில் பாதிக்கு மேல் இல்லை. படிவத்தில் மொழிக் கட்டம் இருந்தது. சோமாலி, ருமேனியன் என்று நிரப்பியிருந்த வரிசைகளுக்கு அந்த மாதம் அழைக்க எங்களிடம் ஆள் இல்லை.